பெயர் பார்க்கப் போகும் ரெபேக்காள்

"நீங்கள் டயல் செய்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை" என்று அந்தக் குரல் சொல்லி முடிப்பதற்குள் ரெபேக்காளின் முகம் மலர்ந்துவிடுகிறது. மாவு படாத விரலால் அடுத்த எண்ணை அழுத்துகிறாள். அதுவும் செத்த எண். "ரெண்டு போச்சு மேடம். இன்னிக்கி நல்ல நாளு," என்கிறாள். இன்னொரு கை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது எண்ணில் யாரோ ஒருவர் "அலோ" என்றதும், "சாரி சார், ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். எதிர்முனையில் ஆள் எடுத்தால் வருத்தப்படுகிறவள் கூடுவாஞ்சேரியில் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான். என் வீட்டுக்கு நேர் கீழ்வீடு.

அவளுக்கு என்ன தொழில் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தண்ணீர் கேன் போடுகிறவர் ஷேர் மார்க்கெட் என்கிறார். எதிர்வீட்டு லதா, "ஏதோ கம்ப்யூட்டர்ல ஏலம் எடுக்குறா" என்கிறாள். அதுதான் கிட்டத்தட்ட சரி. கடையோ லாட்ஜோ பள்ளியோ, இணையதளம் வைத்திருந்தால் அதன் பெயருக்குக் காலாகாலத்தில் பணம் கட்டிவர வேண்டும். கட்ட மறந்தால் பெயர் காலாவதியாகிவிடும். பிறகும் சில வாரம் தவணை உண்டு. அதற்குள் ஏலம் ஆரம்பித்துவிட்டாலும், உரியவர் வந்து கட்டினால் பெயர் அவருக்கே. வராவிட்டால் ஏலத்தில் எடுத்தவருக்கு. இப்படிக் கைவிடப்பட்ட பெயர்களை எடுத்து, வேண்டியவர்களுக்கு விற்பதுதான் ரெபேக்காளின் பிழைப்பு.

மூடிய கடையின் பெயர் யாருக்கு வேண்டும் என்று நானும் கேட்டிருக்கிறேன். "பேருக்கு யாரு மேடம் டப்பு தர்றது? அது சேத்து வெச்சிகீற மரியாதைக்குத் தர்றாங்க," என்றாள். கடை போனாலும் ஊர்ப்பட்ட டைரக்டரிகளில் அதன் பெயர் அப்படியே கிடக்கும். பத்திரிகைகளும் கல்லூரிகளும் பயண வழிகாட்டிகளும் அதற்குக் கைகாட்டிக்கொண்டே இருக்கும். இத்தனை பேர் கைகாட்டுகிற இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும் என்று நம்பி, தேடுகிறவர்களுக்கு அதை முதல் பக்கத்தில் காட்டும் கூகுள். புதிதாகக் கடை போடுகிறவர் இந்த மரியாதையைச் சம்பாதிக்க வருஷக்கணக்கில் மெனக்கெட வேண்டும். பழைய பெயரை வாங்கிவிட்டால் கூட்டம் தானாக வந்து சேரும். "மறதி தான் மேடம் நமக்கு சோறு," என்று அவள் சொல்லும்போது இட்லிப் பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும்.

வாங்குவதற்கு முன் பெயரின் பூர்வீகத்தைக் குடைவாள். பழைய பக்கங்களைப் பத்திரப்படுத்தி வைக்கிற தளம் ஒன்று உண்டு. அதில் அந்தக் கடை ஒவ்வொரு வருஷமும் எப்படி இருந்தது என்று புரட்டுவாள். தீபாவளித் தள்ளுபடி, முதலாளிக்குப் பேரன் பிறந்த சேதி, 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்ற கோபமான அறிவிப்பு, எல்லாவற்றையும் படித்து எனக்கும் ஒப்பிப்பாள். நான் பார்த்தேயிராத ஒரு செங்கல்பட்டு அச்சகத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்த கதை எனக்குத் தெரிந்தது இப்படித்தான். நடுவில் யாராவது அந்தப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓட்டியிருந்தால் மட்டும் தொடமாட்டாள். "அது ஆக்சிடென்ட் வண்டி. பெயின்ட் அட்ச்சி பளபளன்னு குடுப்பான். சேஸி வளஞ்சி கீதான்னு நாம தான் குனிஞ்சி பாக்கணும்."

கல்யாணத்துக்கு முன் ஒரு டைரக்டரி கம்பெனிக்காக ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கடை கடையாக ஏறி விவரம் கேட்டு எழுதியவள். கம்பெனி மூடிவிட்டது, நடக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் நாற்காலியை விட்டே எழுவதில்லையாம். இவளோ, அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர் என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த விலாசத்துக்கே போய் நிற்பாள். "பொண்ணு பாக்காம கட்டுவாங்களா?" கடை நடக்கிறதென்றால் பெயரைத் தொடமாட்டாள். ஷட்டர் துருப்பிடித்துக் கிடந்தால் அன்றைக்கே ஏலத்தில் கை தூக்குவாள். இதற்கு அவள் கணவன் சாம் வைத்திருக்கும் பெயர், எழவு விசாரிக்கப் போவது.

ஒருமுறை சூடு பட்டிருக்கிறாள். அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நேரில் போனாள். கேட்டில் பூட்டு, வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல், வாட்ச்மேன்கூட இல்லை. செத்தது என்று முடிவு கட்டிப் பெயரை எடுத்து விற்றுவிட்டாள். ஆவணி பிறந்ததும் மண்டபத்தில் மேளச் சத்தம் கேட்டது. "ஆடி மாசம்னு எனக்குத் தோணவே இல்ல மேடம்! எங்க வூட்டு கல்யாணம்லாம் சர்ச்சு காலண்டரு பாத்து வைக்கிறது." மண்டபத்துக்காரர் புதுப் பெயர் எழுதிய பேனரோடு ஊர் ஊராக அலைந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து பூட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதில்லை. மின்சார மீட்டர் ஓடுகிறதா, கொடியில் துணி காய்கிறதா, வாசலில் காலி கேன் இருக்கிறதா என்று துப்பறிகிறாள். அந்தத் துப்பறிதலை ஒரு நாள் கூட இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு வாய்த்தது மாமல்லபுரத்து 'ப்ளூ கேட்'.

ப்ளூ கேட் ஒரு சின்ன விருந்தினர் விடுதி. அதன் பெயர் ஏலத்துக்கு வந்திருப்பதைப் பார்த்த அன்று ரெபேக்காள் மாடியேறி வந்து என் கதவைத் தட்டினாள். "ஜெர்மன்காரன், பிரெஞ்சுக்காரன், எவன் டைரக்டரில பாத்தாலும் கீது மேடம். ஒரு யுனிவர்சிட்டியே லிங்க் குட்த்துகீது!" சென்னையில் பெரிய ரிசார்ட்டுகளுக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் கலையரசன் என்பவர் அதற்காகக் காத்திருந்தார். அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களைத் தன் ரிசார்ட்டுகள் பக்கம் திருப்பிவிடுவது அவர் திட்டம். எடுத்துக் கொடுத்தால் இனி மாதச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சாம் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து, அவன் வீட்டில் இருந்த நேரம் அது. அந்த ஒரு பெயர் கிடைத்தால் வீடு மூச்சு விடும்.

டைரக்டரிகளில் இருந்த லேண்ட்லைன் எண் செத்திருந்தது. முகம் மலர்ந்தாள். ஆனாலும், சாயங்காலம் ஏலம் முடிவதற்குள் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக விட்டாள். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "செத்துத்தான் இருக்கணும், செத்துத்தான் இருக்கணும்" என்று முணுமுணுப்பு. பின்னால் வந்த கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டியதுகூட அவள் காதில் ஏறவில்லை.

கடற்கரைக்குப் போகும் சந்தில் இருந்தது வீடு. நீலக் கேட்டில் உப்புக்காற்று பாதிப் பெயின்ட்டைத் தின்றிருந்தது. பெரிய பூட்டு. கொடியில் துணி இல்லை, கேன் இல்லை. மீட்டர் பெட்டி உள்பக்கம் இருந்தது. "ஆளு இல்ல," என்றாள். குரலில் சந்தோஷத்தை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. திரும்பும்போதுதான் கேட்டுக்கு மேலே கயிற்றில் ஒரு பூசணிக்காய் தொங்குவது கண்ணில் பட்டது. காற்று அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. ரெபேக்காள் எட்டி அதைத் தன் பக்கம் திருப்பினாள். உருட்டிய கண், முறுக்கிய மீசை, தொங்கும் நாக்கு. காய் வாடவில்லை. கறுப்பும் சிவப்பும் இன்னும் மங்கவில்லை.

கையை எடுத்துவிட்டாள். பூதம் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டது.

"பேஜாரு," என்றாள் மெதுவாக. "செத்த கடைக்கி எவன் மேடம் திருஷ்டி பூசணி கட்டுவான்?"

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சந்து முனைவரை போனோம். அங்கே நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். அவள் அப்படியே போய்ப் பெயரை எடுத்துவிட்டாலே நல்லது என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். சாம் பகலில் பால்கனியில் நிற்கிற நிலையைத் தினம் பார்க்கிறேனே. "நாம எடுக்கலன்னா எவனோ எடுக்கத்தான் போறான்," என்றாள், நான் எதுவும் கேட்காமலே. ஒரு இளநீர் வாங்கிக் குடித்தாள். பிறகு வண்டியைத் திருப்பி, நீலக் கேட்டுக்கு எதிரே நிழலில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபோது ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் வந்து பூட்டைத் திறந்தாள். ஏதோ ஒரு பெரிய ஓட்டலின் சீருடைச் சேலை. வேண்டா என்பது அவள் பெயர், விடுதிக்குச் சொந்தக்காரி.

"ரூமு வேணுமாம்மா?" என்று அவள் கேட்டபோது முகத்தில் வந்த ஆசையைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"இல்லக்கா. ஆளு வர்றாங்களான்னு கேக்க வந்தோம்."

"எங்க வர்றாங்கோ! திடீர்னு ஒரு போனு இல்ல, மெசேஜு இல்ல. எவளோ கண்ணு வெச்சிட்டா. அம்மாவாசைக்கி பூசணி கட்டிகீறேன். ஆளு வர்ற வரிக்கும் சோத்துக்கு வோணுமே, வேற ஓட்டல்ல ரூமு கழுவப் போய்கினு கீறேன்."

ரெபேக்காள் படியில் உட்கார்ந்தாள். வேண்டா சொன்னதை எல்லாம் கேட்டுக் கேட்டுக் கோத்துக்கொண்டாள். லேண்ட்லைன் புயலில் போனதோடு சரி. அதன் பிறகு ஆட்கள் இணையதளத்தைப் பார்த்து, அதில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் வேண்டாவின் செல்லுக்குச் செய்தி வரும். செய்துகொடுத்தது வருஷா வருஷம் வந்து தங்கும் ஒரு ஜெர்மன் கிழவர். பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டு, "இனி கவலையில்லை" என்றாராம். அவர் போன வருஷம் காலமாகிவிட்டார். பணம் கட்டச் சொல்லி வந்த எச்சரிக்கை எல்லாம் அவருடைய மெயிலுக்குப் போய் விழுந்திருக்கிறது.

"கண்ணும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. உன் பேரு ஏலத்துக்கு வந்துகீது. அதான் யாருக்கும் வயி தெர்ல."

"ஏலமா? யாரு எடுக்குறா?"

ரெபேக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் தான்," என்றாள்.

வேண்டா அடித்துத் துரத்துவாள் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவளோ இடுப்பில் கை வைத்து ரெபேக்காளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப எதுக்கு இங்க வந்து சொல்லிகினு கீற?"

"ஆளு உசுரோட கீதான்னு பாக்க வந்தேன். கீற. இன்னிக்கே கட்டிட்டா பேரு உனுக்கே. போன எடு."

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ரெபேக்காள் தன் போனில் கணக்கைத் திறக்க, கிழவர் அதில் பதிந்துவைத்திருந்த வேண்டாவின் செல்லுக்கு ஓ.டி.பி. வந்தது. அவள் செல்லை மார்போடு அணைத்துக்கொண்டாள். "யாருக்கும் சொல்லாதன்னு பேங்க்குல சொல்லிகீறாங்கோ. அதுவும் நீ ஏலம் எடுக்குறவ." ரெபேக்காளுக்குக் கோபம் வரவில்லை. "கரெக்ட்டுக்கா. சொல்லாத. நீயே அடி," என்று தன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வேண்டா ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள். தாமதக் கட்டணத்தைக் கண்டு வாய்விட்டுத் திட்டினாள், பிறகு தன் செல்லிலிருந்தே கட்டினாள்.

எச்சரிக்கை போகவேண்டிய மெயில் விலாசத்தில் இன்னும் அந்தக் கிழவர்தான் இருந்தார். "உன் மெயில் இன்னாக்கா?" என்றாள் ரெபேக்காள். வேண்டா உதட்டைப் பிதுக்கினாள். ரெபேக்காள் கிழவரின் விலாசத்தை எழுத்தெழுத்தாக அழித்தாள். காலியான கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னுடையதை அடித்தாள்.

வெளியே வந்ததும் கலையரசனுக்கு அவளே போன் செய்தாள். "அந்தப் பேரு கெடைக்காது சார். ஓனரம்மா உசுரோட கீறாங்க." அவர் என்ன சொன்னாரோ, நடுநடுவே "சரி சார்" என்றாள். கடைசியில், "இல்ல சார், எனுக்கு ஒண்ணும் பைத்தியம் புடிக்கல," என்று வைத்துவிட்டாள். மாதச் சம்பளம் அதோடு போயிற்று. சாமிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "எழவு வூட்டுக்குப் போனேன், பொணம் எய்ந்து ஒக்காந்துகிச்சின்னு சொல்றேன்," என்றாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே வேண்டா யாரிடமோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள். ரெபேக்காள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாவியைப் போட்டாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கி, கேட்டின் கீழ்க் கம்பியில் காலை வைத்து ஏறினாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பூசணிக்காயைத் தெருப் பக்கம் திருப்பினாள். கையை விட்டதும் காற்று அதைத் திரும்பவும் திருப்பப் பார்த்தது. தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றிக் கயிற்றைக் கம்பியோடு சேர்த்துக் கவ்வவிட்டாள். கூந்தல் அவிழ்ந்து விழ, அந்த உருட்டுக் கண்களுக்கு எதிரே நின்று, அது தன்னை நேராகப் பார்க்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள்.