கோளாறு எண் 212: கண்ணாடிக் குண்டுக்குள் ஒரு தவளை

சென்ற மாதம் ஒரு வாரப் பத்திரிகை பழைய வீடியோ விளையாட்டுகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தது. அதில், தவளை பின்பால் என்ற எங்கள் விளையாட்டில் பந்து திடீரென்று தவளையாக எழுந்து நிற்பதை, "வடிவமைப்பாளர் ரசிகர்களுக்காக மறைத்து வைத்த பரிசு" என்று போட்டிருந்தார்கள். பரிசாம். அது கோளாறு எண் 212. பதிவேட்டில் அதை எழுதியவன் நான். அந்த விளையாட்டைச் செய்த மனிதர் பரிசு கொடுக்கும் ரகமும் இல்லை. பிறந்தநாள் வாழ்த்தைக்கூட அளந்துதான் சொல்வார். அவரைப் பற்றிச் சரியாக எழுத யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஆகவே நான் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் அவருக்கு அங்குலம் என்று பெயர். அப்பா தரைக்கு ஓடு பதிப்பவர். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவோடு முட்டிபோட்டு நூல் பிடித்து வளர்ந்தவர். பிறகு ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் மாடிப்படி வரைந்துகொண்டிருந்தார். இருபத்தாறு வயதில் எங்களிடம் வந்தார். கடிகாரக் கடை ஒன்றுக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஐந்து அறை, பதினொரு பேர். வீடியோ விளையாட்டு செய்கிற நிறுவனம். நான் சோதனை அறையில் பதிவேடு எழுதுபவன். ஆடிப் பார்க்கும்போது எது கெட்டது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். வேறு வேலை எனக்குத் தெரியாது, தேவையும் படவில்லை.

எங்கள் நிறுவனத்துக்குச் சோறு போட்டது ஒரு தவளை. தோளில் தபால் பை மாட்டிக்கொண்டு மேடைவிட்டு மேடை தாவிக் கடிதம் கொண்டுபோகும். ஏழு வருடத்தில் மூன்று விளையாட்டு வந்தது. மூன்றிலும் மேடைகளை வரைந்தவர் அங்குலம். தவளை ஒரு தாவலில் நான்கு கட்டம் தாண்டும். ஐந்து கட்ட இடைவெளி ஒன்றைக்கூட அவர் வைத்ததில்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, ஸ்கேலால் இரண்டு முறை அளந்து, மூன்றாவது முறை என்னை அளக்கச் சொல்வார்.

"விழுந்தா, விழுந்தவன் தப்பா இருக்கணும் அண்ணே. என் தப்பா இருக்கக் கூடாது." இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் மூன்று விளையாட்டுக்கும் சேர்த்து மேடைக் கோளாறு என்று என் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நான்காவது தவளையை அவர் வீட்டிலேயே வரைந்து முடித்திருந்தார். இரண்டு வருட வேலை, நூற்று அறுபத்திரண்டு தாள். ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். முதலாளி அந்தப் பெட்டியைக் காலால் தொடுவார், கையால் தொட்டதில்லை.

இந்த நேரத்தில் முதலாளியின் மச்சினர் ஊர் சுற்றிவிட்டு வந்தார். முதலாளி மனைவியின் தம்பி. பதவி, ஆலோசகர். எங்கேயோ ஒரு பழைய கேளிக்கைக் கூடத்தில் பின்பால் மெஷினைப் பார்த்திருக்கிறார்.

"அத்தான், தவளையப் பந்தாக்கிடலாம்."

"தவளை எப்படிப்பா பந்தாகும்?"

"ஒரு கண்ணாடிக் குண்டுக்குள்ள போட்டு மூடிட்டா?"

எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் யோசித்தது அந்த ஒரு நிமிடம்தான். அதையும் வீணாக்கினார்.

பின்பால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாய்ந்த பலகை, அதில் உருளும் ஒரு பந்து, கீழே இரண்டு மட்டை, மட்டைகளுக்கு நடுவே ஓர் ஓட்டை. பந்து அங்கே இங்கே முட்டி மணியடிக்கும், விளக்கெரியும், பிறகு ஓட்டையில் விழும். மூன்று பந்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இதைத்தான் திரையில் செய்ய வேண்டும், அதுவும் ஐம்பது வருடப் பழசு மாதிரி இருக்க வேண்டும் என்றார் மச்சினர். நிறத்தை மங்கவைத்தார்கள். ஒலியில் கரகரப்பைச் சேர்த்தார்கள். ஒழுங்காக ஒலித்துக்கொண்டிருந்த மணிக்கு வேண்டுமென்றே ஜலதோஷம் பிடிக்கவைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"இதுல விழுந்தா யார் தப்பு?" என்று கேட்டார் அங்குலம்.

"யார் தப்பும் இல்ல சார். சும்மா விழும். அதான் ஜாலி!"

அங்குலம் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி அவர் தோளில் கைபோட்டார். "ஒம்பது வாரத்துல இத முடிச்சுக் குடுங்க. மறுநாளே நாலாவது தவளைய ஆரம்பிச்சிடலாம். என் வாக்கு."

அங்குலம் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். சரி என்றார். நான் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை.

ஒன்பது வாரத்தில் ஒரு பந்துக்குப் புதிதாக நிரல் எழுத முடியாது. எனவே பழைய தவளையின் விதிகளை எடுத்து, அதன்மேல் குண்டைப் போர்த்தினார். வெளியே கண்ணாடி, உள்ளே அதே தவளை. வேலையில் அவர் குறுக்கு வழி போனது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் சோதனை அறையில் ஆடிப் பார்ப்பவளைக் கட்டைவிரல் என்று கூப்பிடுவோம். நாளைக்கு எட்டு மணி நேரம் பட்டனை அழுத்தி அவள் விரல் அப்படி ஆகியிருந்தது. பதினேழாம் தேதி மாலை மூன்று நாற்பதுக்கு அவள் குரல் கொடுத்தாள்.

"ஐயா, குண்டக் காணோம்."

"ஓட்டைல விழுந்திருக்கும்."

"விழல. தவளை நிக்குது."

போய்ப் பார்த்தேன். பலகையின் இடது மேல் மூலையில் ஒரு சின்ன விளிம்பு. அதன்மேல் தவளை பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தது. மூச்சு விட்டது. அவள் பதற்றத்தில் இரண்டு மட்டையையும் சேர்த்து அழுத்தினாள். தவளை தாவி அடுத்த விளிம்பில் உட்கார்ந்தது.

பத்தொன்பதாம் தேதி காலை பத்து ஐந்துக்கு மறுபடியும் வந்தது. அதன்பிறகு அறுநூற்றுப் பதினொரு பந்து ஆடினாள். வரவில்லை. எங்கள் அறையில் ஒரு விதி: மூன்று முறை வராத கோளாறு கோளாறில்லை. விதியை எழுதியவன் நான்தான். ஒருமுறை வந்ததையெல்லாம் துரத்தினால் எந்த விளையாட்டும் கடைக்குப் போகாது. எண் 212-க்கு எதிரே "முடிந்தது" என்று எழுதினேன்.

"ரெண்டு தடவ வந்துச்சே அண்ணே," என்றார் அங்குலம்.

"மூணாவது வரலியே தம்பி."

"வராததுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் இருக்கு."

"இருக்கலாம். பதிவேட்டுல அதுக்குக் கட்டம் இல்ல."

விளையாட்டு கடைக்குப் போனது. முதல் மாதம் சீந்துவாரில்லை. ஐந்தாவது வாரம் கடிதங்கள் வரத் தொடங்கின. இருநூற்று எண்பத்து மூன்று கடிதத்தைப் பிரித்து நம்பர் போட்டேன். எல்லோரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: குண்டு உடைந்தது, தவளை வந்தது, விளிம்பு விளிம்பாகத் தாவிப் பலகையின் உச்சிக்கே போனோம், அடடா! குண்டை வாங்கிவிட்டு, அது குண்டாக இல்லாமல் போனதற்குக் குதிக்கிறார்கள். அப்படிப்பட்ட ரசனை.

மச்சினர் உடனே விழித்துக்கொண்டார். அதெல்லாம் ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் என்று வாசலில் நின்று சொல்லத் தொடங்கினார். அங்குலம் காரணத்தைத் தேடப் போனார். கட்டம் போட்ட தாளோடு மூன்று வாரம் உட்கார்ந்தார். வலது மட்டையின் நுனியில் பட்டு, மூன்றாவது மோதலில் வேகம் குறைந்து வரும் குண்டு அந்த விளிம்பைத் தொட்டால், உள்ளே இருக்கும் பழைய விதி விழித்துக்கொள்கிறது. தான் மேடையில் நிற்கும் தவளை என்று நினைத்துக்கொள்கிறது. இதை என்னிடம் மட்டும் சொன்னார். அவமானம் பிடுங்கித் தின்கிற முகத்தோடு சொன்னார்.

பிறகு முதலாளி ஒரு கூட்டம் வைத்தார். ஏழு பெரிய கடைக்காரர்கள், ஒரு பத்திரிகைக்காரர். அதற்கு முன்பே அங்குலத்தைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க எந்திரிச்சு, நான்தான் அத ஒளிச்சு வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கூட்டம் முடிஞ்ச கையோட நாலாவது தவளை. பெட்டியக் கொண்டாந்து இங்கயே வைங்க."

பெட்டி வந்தது. கூட்ட மேஜையின் ஓரத்தில், கயிறு அவிழ்க்காமல் இருந்தது.

மணி பதினொன்று பத்து. மச்சினர் கால் மணி நேரம் பேசினார். பிறகு பத்திரிகைக்காரர் அங்குலத்தைப் பார்த்தார். "சார், இது ஒங்க ஐடியாதானே?"

அங்குலம் எழுந்தார். "அது கோளாறு," என்றார். "என் தப்பு."

முதலாளி சிரித்தபடி சமாளித்தார். "அடக்கம்! ரொம்ப அடக்கம். ஐயா, நீங்க பதிவேட்டப் படிங்க. அதுல என்ன இருக்கு?"

அத்தனை வருடத்தில் என் பதிவேட்டை முதலாளி திறக்கச் சொன்னது அன்றைக்குத்தான். படித்தேன். "எண் 212. இரண்டு முறை. மூன்றாவது முறை வரவில்லை. முடிந்தது."

"அப்ப கோளாறு இல்லதானே?"

"பதிவேட்டின்படி இல்லை." வேறென்ன சொல்வேன்? எழுதியிருந்தது அதுதான். ஒரு பொய்க்கு என் எழுத்து முட்டுக்கொடுத்து நின்றது, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

அங்குலம் என்னைப் பார்த்தார். கோபமில்லை. "சரிதான் அண்ணே. மூணாவது வரணும், அவ்ளோதானே?" என்று சொல்லிவிட்டு நேரே போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அவருக்கு ஆட வராது. வரைகிறவருக்கு விரல் கிடையாது. முதல் பந்து நேராக ஓட்டையில் போனது. கடைக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டாவது நான்கு முறை மணியடித்துவிட்டு விழுந்தது.

"விடுங்க சார், நேரமாச்சு," என்றார் மச்சினர்.

"இன்னொரு பந்து இருக்கு."

மூன்றாவதை ஏவினார். குண்டு இறங்கி வந்தது. அவர் பொறுத்தார். என் பக்கத்தில் கட்டைவிரல், "இப்ப... இல்ல, இன்னும் கொஞ்சம்... நுனி, நுனி!" என்று முணுமுணுத்தாள். வலது மட்டையின் கடைசி நுனி தட்டியது. ஒரு மோதல், இரண்டு, மூன்று. குண்டு சோம்பலாக இடது மூலைக்குப் போய் விளிம்பைத் தொட்டது. கண்ணாடி போனது. தவளை நின்றது.

"நான் வைக்காத எடத்துல நிக்குது," என்றார் அங்குலம், எல்லோருக்கும் கேட்கும்படி. "எழுதிக்கங்க அண்ணே."

பதினொன்று முப்பத்திரண்டு. எழுதினேன். "முடிந்தது" என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சத்தமாகப் படித்தேன்: "எண் 212. மூன்று முறை. கோளாறு."

பிறகு ஒரு கடைக்காரர், "கோளாறோ பரிசோ, அடுத்த சரக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். அந்த மனிதர் தன் இரண்டு வருடத்தைத் தூக்கிப் போட்டு நிரூபித்தது அவர்களுக்கு ஒரு கொட்டாவிக்குக்கூடப் போதவில்லை. பத்திரிகைக்காரர் பேனாவை மூடிவிட்டார். அவர் குறித்துக்கொண்டதுதான் இத்தனை வருடம் கழித்து நான்கு பக்கமாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான்கு மணிக்குப் பெட்டி திரும்பி அங்குலத்தின் மேஜைக்கு வந்தது, கயிறு அவிழாமலே. மேலே ஒரு சீட்டு: வேண்டாம். முதலாளி கையெழுத்தில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சொல் அது. நான்காவது தவளைக்குப் பதில் இரண்டாவது பின்பால் வந்தது. அதில் தவளை எல்லா மூலையிலும் எழுந்து நின்றது. ஒருவரும் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. பதினொரு மாதத்தில் கடிகாரக் கடைக்காரர் எங்கள் மாடியையும் எடுத்துக்கொண்டார்.

அங்குலம் பழையபடி ஒப்பந்தக்காரரிடம் மாடிப்படி வரையப் போனார். போன வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி சமையலறை அலமாரித் தட்டுகளில் நான்காவது தவளையின் தாள்களை விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கியிருந்தார்.

"நல்ல கெட்டித் தாள் அண்ணே, கறையே பிடிக்கல," என்றார் என்னிடம். "இதையாவது உருப்படியா செஞ்சாரு."

"ஒன் வாய்க்கு ஒரு தாள் விரிக்கணும்," என்றார் அங்குலம் மனைவியிடம். சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். இன்னும் மூன்று டப்பாவை நகர்த்தினார். தாள் எண் எண்பத்தெட்டு. கீழே குனிந்து விரலால் எண்ணினார்.

"அண்ணே, இத எண்ணுங்க."

எண்ணினேன். இரண்டு மேடைக்கு நடுவே ஐந்து கட்டம்.

அவர் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. ஒரு மேடையை அழித்து, ஒரு கட்டம் உள்ளே தள்ளி வரைந்தார். ஸ்கேலை என்னிடம் நீட்டினார். அளந்தேன். நான்கு. டப்பாக்களைத் திரும்ப அதன்மேல் அடுக்கிவிட்டுத் தேநீருக்குச் சர்க்கரை போட்டார்.