கிழக்குப் பாத்தியில் போட்ட பொடி

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடமாக நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் படிப்பு, எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ராயபுரத்து அச்சகத்தில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்து, ஆயிரம் காப்பி அடித்து விநியோகித்தவனுக்கு எழுத வராதா? அந்த நோட்டீஸில் இருந்தது முழு உண்மை இல்லை என்று எழுதத்தான் கை வரவில்லை. மாரியாத்தாளை நினைத்துக்கொண்டு இன்று எழுதிவிடுகிறேன்.

முதலிபாளையத்துக்குப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குப் போவேன். பகலில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் மனைவிதான். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். சாயப்பட்டறைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி இறங்கி எங்கள் கிணறும் உப்பாகிவிட்டது. தக்காளி நட்டால் ஒரு சாண் வளர்ந்து நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் எலி வால் மாதிரி ஒற்றையாக இருக்கும், பக்க வேரே இருக்காது. இரண்டு போகம் அப்படியே போயிற்று. மூன்றாவதும் போனால் நிலத்தைக் கம்பெனிக்காரருக்கு ஷெட் போட விட்டுவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம்.

அந்த ஆவணியில் இரண்டு பாத்தி நாற்று விட்டோம். நான் விரதம் இருந்து, தினமும் காலையில் செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்து, ஒரு சொம்பு தீர்த்தம் வாங்கி வந்து கிழக்குப் பாத்தியில் தெளிப்பேன். ஒரு சொம்பு ஒரு பாத்திக்குத்தான் வரும். மேற்குப் பாத்திக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர்தான்.

நாற்றுப் பறித்த அன்று என் கண்ணையே நம்ப முடியவில்லை. மேற்குப் பாத்தி நாற்றுக்கு அதே எலி வால். கிழக்குப் பாத்தி நாற்றின் வேர் சடை சடையாகத் தொங்கியது. உதறினாலும் மண்ணை விடவில்லை. நான் அங்கேயே வரப்பில் விழுந்து கும்பிட்டேன். என் மனைவி நாற்றை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நாற்று நட்ட வயலில் செடி இடுப்பு உயரம் வந்து காய்த்தது. ஷெட் பேச்சு நின்றது. நான் அச்சகத்துக்குப் போனேன். தீர்த்த மகிமை, உப்பு நிலத்தில் செடி வளர்ந்த அதிசயம், நம்பியவர் கைவிடப்படார், இதைப் படித்தவர்கள் பிறருக்கும் கொடுக்கவும் என்றெல்லாம் எழுதி அடித்தேன். நோட்டீஸ் கட்டைக் கொண்டுவந்து வீட்டில் வைத்ததும் அவள் ஒன்றை உருவிப் படித்தாள்.

"ஏனுங்க, சாமி நோட்டீஸ் அடிக்கச் சொல்லுச்சுங்களா?"

"என்ன புள்ள, கேலியா?"

"கேலி இல்லீங்க. அந்தப் பாத்தியில நான் பொடி போட்டனுங்க. விதைக்கு ரெண்டு வெரக்கடை கீழ."

"என்ன பொடி?"

"பூசணப் பொடிங்க. மகளிர் குழுக் கூட்டத்துல வேளாண்மை ஆபீசரம்மா ஒரு பாக்கெட் குடுத்தாங்க."

"பூசணம் புடிச்சா செடி அழுகுமா வளருமா? ஆருகிட்டச் சொல்ற?"

"அழுக வெக்கிறது வேறீங்க. இது வேருக்குள்ள குடியிருந்துட்டு, கோன்ல இருந்து நூல் ஓடறாப்பல மண்ணுக்குள்ள ஓடுமாமா. வேரு எட்டாத எடத்துல இருந்து தண்ணியும் மணிச்சத்தும் இழுத்தாந்து குடுக்குமாமா. செடி அதுக்குச் சோறு போடுமாமா. வேர் உட்பூசணம்னு பேரு. உப்பை எடுத்துப் போடாது, உப்புலயும் செடி தாக்குப் புடிக்க ஒத்தாசை பண்ணும்னாங்க."

"அப்பறம் ஏன் நான் தீர்த்தம் ஊத்தற பாத்தியில போய்ப் போட்டே? மேக்கால போட்டிருக்கலாமல்லோ?"

அவள் நோட்டீஸை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னாள். "ஒரு பாக்கெட் ஒரு பாத்திக்குத்தானுங்க கண்டுது. நீங்க பட்டினி கெடந்து, வெறுங்காலுல நடந்து கொண்டாந்து ஊத்தறீங்க. அந்தப் பாத்தி போயிருச்சுன்னா உங்க மனசு தாங்குமா? அதுக்குத்தான் அங்க போட்டேன். நீங்க இதை அச்சுல போடுவீங்கன்னு நான் கண்டனா?"

அன்றைக்கே அந்த நோட்டீஸ் கட்டை அடுப்பில் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பொடிக்குள் இருந்ததும் ஆத்தாதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்று கொடுத்தேன்.

எங்கள் நிலத்தை ஒட்டி இருபது சென்ட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள் ஒரு பெண். தென்மாவட்டத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள், கம்பெனியில் செக்கிங் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி ஓயாத இருமல். வேலையை விடச் சொல்லி டாக்டர் சொல்லிவிட்டார். கத்தரி வந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று, அதுவரை வேலைக்குப் போய்க்கொண்டே போட்டுப் பார்க்க வந்தாள். "இந்தக் கத்தரி மட்டும் வந்துட்டா, கம்பெனி வேனு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சாலும் ஏற மாட்டேன்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

தை மாதம், விதை போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், என் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். தீர்த்தம் மட்டுந்தான் ஊத்துனீயளா? வேற ஏதும் போட்டீயளா?"

என் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அடுத்த போகத்துக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த இன்னொரு பாக்கெட் பரண்மேல் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது.

"ஆத்தாளை நம்பி ஊத்து கண்ணு" என்றேன்.

என் மனைவி உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் போன பிறகு, பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி கிளம்பினாள். நான்தான் தடுத்தேன். "இன்னைக்குப் பொடி குடுத்தா நாளைக்கு என் மூஞ்சியில ஆரு முழிப்பாங்க? பௌர்ணமி பூசை முடியட்டும், நானே சொல்றேன்."

பௌர்ணமி வந்தது, போயிற்று. அடுத்த பௌர்ணமியும் போயிற்று. அந்தப் பெண் வேலைக்குப் போகும் முன் தினமும் கோயிலுக்கு நடந்து, சொம்போடு இருமிக்கொண்டே வருவாள். நாற்று மெலிந்து நின்றது. நடும்போது குழியில் போட்டாலும் கொஞ்சம் பலன் உண்டு என்று என் மனைவி சொன்னதன் பேரில் கடைசியில் நான் பரணில் ஏறினேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பாக்கெட் தொட்டாலே சுட்டது.

"வெந்து போயிருக்குமுங்க" என்றாள் என் மனைவி. "அது உயிருங்க. உப்பாட்டம் எடுத்து வெச்சு எப்ப வேணாப் போடறதுக்கில்லை."

பங்குனி வெயிலில் அந்தக் கத்தரி ஒரு சாண் உயரத்திலேயே வாடிச் சாய்ந்தது. போய் நின்றேன். அவள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள், எலி வால். "எனக்குத்தான் பக்தி பத்தலை போல அண்ணாச்சி" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனி வேன் வந்தது. ஹாரன்கூட அடிக்கவில்லை. அவள் முன்னமே வந்து நின்றிருந்தாள்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலைச் சுற்றி ஈரச் சேலையோடு அங்கப்பிரதட்சணம் செய்துகொண்டிருந்தாள். புரண்டு வந்தவள் வழியில் இருமல் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்தி பத்தாததற்குப் பிராயச்சித்தமாம். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அங்கேயே, ஆத்தா சந்நிதிக்கு நேரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொடியை, பாக்கெட்டை, நான் தடுத்ததை.

அவள் மீதித் தண்ணீரையும் குடித்து முடித்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் பொடி போட்டிருந்தா கத்தரி வந்திருக்குமா?"

"தெரியலை கண்ணு. வந்திருக்கலாம். ஒத்தாசை பண்ணும்னுதான் சொன்னாங்க, காப்பாத்திரும்னு சொல்லலை."

"சாமியும் பொய்யில்ல, பொடியும் பொய்யில்ல. நடுவுல நீங்கதான் அண்ணாச்சி." திட்டுவாள் என்று இருந்தேன். அதோடு நிறுத்திக்கொண்டாள். எழுந்து சேலையை உதறியவள் சட்டென்று திரும்பினாள். "அந்த நோட்டீஸை எங்க ஊர்லயும் குடுக்கச் சொல்லி எங்க அம்மைக்கு அனுப்பி வச்சேனே. அங்க யாரு போய்ச் சொல்லுவா?"

அந்த வருடமே அவர்கள் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. நோட்டீஸ் மட்டும் நிற்கவில்லை. எங்கள் கிணறு தித்தித்துவிட்டது, ஒரே ராத்திரியில் காய் பிடித்தது என்று ஆளுக்கு ஒன்று சேர்த்துச் சொல்லி, என் காதுக்கே திரும்பி வந்தது. கிணறு இன்றைக்கும் உப்புத்தான். இப்போது ஒவ்வொரு போகமும் விதைக்குக் கீழே பொடியை என் கையாலேயே போடுகிறேன். சில போகம் வருகிறது, சில போகம் வருவதில்லை. தீர்த்தமும் ஊற்றுகிறேன். அதை விட மனம் வரவில்லை. ஆனால் நோட்டீஸில் இருந்த பொய்யை ஆத்தா தலையில் வைத்துக் கும்பிட என்னால் முடியவில்லை.

அந்தப் பழைய நோட்டீஸ் எங்கேயாவது யார் கையிலாவது இன்னும் இருக்கும். அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அதிசயம் எதையும் சேர்க்க வேண்டாம். என் மனைவி போட்ட பொடியை விட்டுவிட வேண்டாம். விதை போடும் முன் அந்தப் பெண் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், எனக்காக இரக்கப்பட்டு மாற்றிவிட வேண்டாம். தென்பக்கம் யாராவது இருந்தால் அங்கேயும் சொல்லுங்கள். அவள் பக்தியில் ஒரு குறையும் இல்லை.