வந்து போகும் பிழை

தொழிற்சாலையில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, திரு அண்ணையின் மனைவி மலர் அக்காவின் அழைப்பு வந்தது. "இவர் பாத்ரூமுக்கை விழுந்திட்டாரடி. எழும்பேல்லை."

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இந்தப் பிராண்டே ஊரில், திரு அண்ணையின் கை படாத ரேடியோ எங்கள் ஆட்களின் வீடுகளில் குறைவு. எங்கள் வீட்டு ரேடியோ ரிசீவர் பாட்டுக்கு நடுவே தானாக நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக உயிர் பெறும். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, பிழை ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்தார். திரு அண்ணை அதைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போய், மேல்மூடியைக் கழற்றி, நாள்கணக்கில் பாட விட்டார். "எனக்கு முன்னாலை ஒருக்கா நிக்கட்டும், அதுவரை தரமாட்டன்" என்றார். ஒருநாள் நின்றது. பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டித் தட்டி, மின்சாரம் வரும் பலகையில் மயிரிழையாக வெடித்திருந்த ஈயப் பற்றைக் கண்டுபிடித்தார். சூடேறினால் விலகும், ஆறினால் ஒட்டும்.

"ஒரேயடியா நிண்டால் திருத்துவியள், பிள்ளை. வந்து போறதைத்தான் சமாளிச்சுக்கொண்டு இருப்பியள். அதுதான் பொல்லாதது" என்றார்.

இப்படிச் சொன்ன மனுசன் செய்த வேலையைக் கேளுங்கள். செத்தவீட்டில்தான் மலர் அக்கா சொன்னார். சில மாதங்களாக அவருக்குத் திடீரென்று கண் இருண்டு வருமாம். சற்று இருந்தால் சரியாகிவிடுமாம். அக்கா ஆக்கினைப்படுத்தி டொக்டரிடம் அனுப்பினார். எப்படி இருக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்க, எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வதையே இவரும் சொன்னார்: "ஃபீன்ட், ஃபீன்ட்." எல்லாம் நல்லமாம்! மயக்கத்தைச் சொன்னால் கார் ஓட விடமாட்டார்கள் என்ற பயம். "கார் இல்லாட்டி இந்த ஊரிலை நான் ஆர்?" என்று அக்காவிடம் கேட்டாராம்.

அந்தக் காரில்தான் சனிக்கிழமைகளில் என் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போனார்கள்.

"குடுத்து வைச்ச சாவு, பாயிலை கிடந்து அழுந்தேல்லை" என்றார் வந்திருந்த ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓல்போர்க்கில் தாதியாக இருக்கும் திரு அண்ணையின் மகள் டேனிஷில் கத்தினாள். இதயத் துடிப்பைப் பதிந்து பார்த்திருந்தால் அப்பா இன்று இருந்திருக்கலாம், எனக்குக்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

அவரின் நினைவுப் புத்தகத்துக்கு, பண்பாளர், பரோபகாரி என்று என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஓம், பண்பாளர்தான். ஊரார் சாமானுக்கெல்லாம் பொறுமையாகக் காவலிருந்தவர், தன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபத்தைத்தான்.

நேற்று என் கணவர் படியேறும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். "ஒண்டுமில்லையப்பா, வந்துது, போட்டுது" என்றார். கார்த் திறப்பை அவர் கையிலிருந்து பறித்தேன்.

"டொக்டரிட்டைப் போறம். நீங்கள் வாய் திறக்கப்படாது. நான் கதைக்கிறன்."