சன்னல் இல்லாத அறை

எண்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போனால் உள்ளே ஏசிக் குளிர். தூசு பட்டால் அதற்கு ஆகாது என்றார்கள். அவ்வளவுதான், எனக்கு வருங்காலமே விளங்கிவிட்டது.

அப்போது திண்டிவனத்தில் என் அக்கா வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸிலேயே போய் நின்றேன்.

"பத்து வருசத்துல வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துடும்க்கா. நடுவுல அதுக்கு ஒரு ரூம் விடு. சன்னலே கூடாது."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "மூலஸ்தானத்துக்குத்தாங்க சன்னல் வெக்கமாட்டாங்க. இதுல எந்தச் சாமி வந்து குந்திக்கினு இருக்கப் போவுது?"

"கம்ப்யூட்டர் சாமிதான். சொன்னதைக் கட்டுங்க" என்றேன். அக்காவும் என்னை நம்பினாள். செருப்பு விட அறை வாசலில் ஒரு படிகூட வைத்தோம்.

பல வருஷம் அந்த அறையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைதான் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து, "என் தம்பியோட கம்ப்யூட்டர்" என்று காட்டுவாள் அக்கா.

இன்று அந்த வீட்டில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், போன் என்ற பெயரில் கையிலேயே இருக்கிறது. கக்கூசுக்குக்கூடக் கூடவே போகிறது. அந்த அறைக்குள் மட்டும் சிக்னல் வராது. அதனாலேயே மத்தியானத்தில் அங்கே பாய் விரித்துப் படுக்க அக்காவுக்கும் அவள் மருமகளுக்கும் போட்டி.

இப்போதும் அடித்துச் சொல்கிறேன், இனி வீடு கட்டுகிறவர்களெல்லாம் இப்படி ஓர் அறை கேட்பார்கள். போன வாரம் இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.