பக்கவிளைவு

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். ஆனால் அன்று அந்த ரிசீவரைப் பிடித்திருந்தது என் கை. அந்தக் குரலைக் கேட்டது என் காது.

கல்லூரியில் நான் படித்தது மருந்தியல். "மெடிக்கல் ஷாப் எங்க வச்சிருக்க?" என்று சித்தி இன்னும் கேட்கிறாள். என்னோடு படித்த ஒருத்தி ஆய்வகத்தில் எலிகளோடு மல்லுக்கட்டுகிறாள். இன்னொருத்தி பாடம் நடத்துகிறாள். எனக்குக் கிடைத்தது ஒரு மருந்துக் கம்பெனியில் போன் வேலை. மருந்து சாப்பிட்டு ஏதாவது பக்கவிளைவு வந்தால் கூப்பிடுவார்கள். கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். புது ஊர். பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடி முழுக்க நான் ஒருத்திதான். அறையில் சுவரைப் பார்த்துக் கிடப்பதற்கு இது மேல் என்று நானே கேட்டு வாங்கிய ஷிப்ட்.

அன்று மாலை நான்கு மணி. ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. போன் ஒலித்தது.

வயதான பெண் குரல். இதயத்துக்கான மாத்திரை. கடைசியாகச் சாப்பிட்டது வெள்ளிக்கிழமை காலையில்.

"என்ன செய்யுதும்மா?"

"பசியே இல்ல கண்ணு. தூக்கமும் வரல. ஆனா அலுப்பாவும் இல்ல."

"நாடி பாத்தீங்களா?"

"கைய மடக்க முடியல... இடம் இல்ல."

டைப் அடித்துக்கொண்டிருந்த என் விரல்கள் நின்றன.

"லைட்டப் போட்டுப் பாருங்கம்மா."

"ஒரே இருட்டு. கரண்ட் போயிடுச்சு போல..."

எனக்கு எதிரே வெயில்.

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"மேல நடக்கறாங்க. கூப்பிட்டா கேக்கல. நீ ஒருத்திதான் பேசற... வச்சிடாத கண்ணு."

வைக்கவில்லை. வீட்டில் யாருடைய எண்ணாவது தெரியுமா என்று கேட்டேன். மகளின் எண்ணைத் தடுமாறாமல் சொன்னார். இன்னொரு போனில் மகளை அழைத்தேன்.

"அம்மாவா? அம்மா வெள்ளிக்கிழமையே போயிட்டாங்க. இன்னிக்குக் காலைலதான் அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

"அவங்க போன் எங்க?"

"...அவங்க கூடவே வச்சுட்டோம். அது இல்லாம இருக்க மாட்டாங்க."

அந்த மாத்திரை இதயத் துடிப்பைக் குறைப்பது. நாடியே கிடைக்காத அளவுக்குக் குறைந்திருந்தால்? உயிரோடு புதைத்திருந்தால்?

"தோண்டச் சொல்லுங்க! இப்பவே!" கத்தினேன்.

மறு காதில்...

"கண்ணு... இருக்கியா?"

"இருக்கேம்மா. ஆள் வந்துட்டிருக்காங்க."

வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் என் ஊரைக் கேட்டார். தனியாகவா இருக்கிறாய் என்று கேட்டார். யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

பிறகு...

சரக்... சரக்...

மண்வெட்டிச் சத்தம்.

"யாரோ வர்றாங்க..."

"பயப்படாதீங்கம்மா."

"வெளிச்சம்..."

இணைப்பு அறுந்தது.

தோண்டியவர்களோடு வந்திருந்த டாக்டர் அங்கேயே பார்த்துச் சொல்லிவிட்டாராம். இறந்து இரண்டு நாளாகிறது, சந்தேகமே இல்லை என்று.

அந்த வாரமே மகள் என்னைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அம்மா ரொம்பப் பயந்தாங்களா?"

"கொஞ்சம். பேசினதும் சரியாயிட்டாங்க."

தலையாட்டினாள். பர்ஸைத் திறந்து சின்னதாக ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

சிம் கார்டு.

"வெள்ளிக்கிழமையே கழட்டிட்டேன். அன்னிலேருந்து என் பர்ஸ்லதான் இருக்கு. வெறும் போனைத்தான் உள்ள வச்சோம்."

அதன் எண்ணைக் கேட்டேன். சொன்னாள்.

எனக்கு அழைப்பு வந்தது அந்த எண்ணிலிருந்துதான்.