வேண்டாம் என்று திருப்பிய எட்டு மணியார்டர்கள்

விழுப்புரத்தில் ஒரு டுடோரியல் காலேஜில் நான் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். காலேஜ் என்று போர்டுதான் பெரிது. ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தடுப்புக் கட்டிய இரண்டு அறைகள். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டவர்கள் மறுபடியும் எழுதிப் பாஸாவதற்காக வருவார்கள். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். அதனால் கரும்பலகை முன்னால் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்து நிற்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போனபோது அம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். விதவைப் பென்ஷனில் தகுதியில்லாமல் வாங்கிய எட்டு மாதத் தொகையைப் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும், தவறினால் வீட்டுச் சாமான்கள் ஜப்தி செய்யப்படும் என்று டைப் அடித்திருந்தது.

"இது அந்தப் பழைய கடன்தான? அதத்தான் கழிச்சாச்சே" என்றேன்.

"நானும் அதயேதான் சொன்னேன். 'எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, குடுக்கச் சொன்னாங்க, குடுத்துட்டேன்'னு தலையாரி பாட்டுக்குப் போய்க்கினே இருந்தான்."

ஜப்தி செய்ய வீட்டில் இரண்டு ஆடுகளும் ஒரு பித்தளை அண்டாவும் இருந்தன. பொருள் போவதைப் பற்றி அம்மா அவ்வளவாகப் பேசவில்லை. அண்டாவைத் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போவார்களே, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தக் கடன் வந்த கதை இது. அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் கிடைத்தது. மாதம் ஒருமுறை போஸ்ட்மேன் மணியார்டராகக் கொண்டுவந்து, கைரேகை வாங்கிக்கொண்டு கொடுப்பார். வயது வந்த மகன் இருந்தால் அந்தப் பென்ஷன் கிடையாது. இது எங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த வயது வந்து எட்டு மாதம் ஆன பிறகு யாரோ பெயர் போடாமல் ஒரு மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். விசாரிக்க வந்தவர், எட்டு மாதப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பென்ஷனை நிறுத்தச் சொல்லும் உத்தரவு வழியில் எங்கேயோ தங்கிவிட்டது. மாதம் தவறாமல் மணியார்டர் வந்துகொண்டே இருந்தது.

அம்மா அதை வாங்கவில்லை.

எங்கள் ஊரில் நிலக்காரரிடம் முன்பணம் வாங்கினால் யாரும் அதைப் பணமாகத் திருப்பித் தருவதில்லை. வேலைக்குப் போவோம், சாயங்காலம் கூலி வாங்காமல் திரும்புவோம். எட்டு நாள் கூலியை முன்னால் வாங்கியிருந்தால் எட்டு நாள் வெறுங்கையோடு வர வேண்டும். அதற்குக் கழிப்பது என்று பெயர். ஒன்பதாம் நாள் நிலக்காரர் மறுபேச்சில்லாமல் கூலியை அளந்து போடுவார். அரசாங்கத்துக்கும் அம்மா அப்படித்தான் கழித்தாள். "வாங்கிக்கினு நீயே போய்க் கட்டிடேன் யக்கா" என்று போஸ்ட்மேன் சொல்லிப் பார்த்திருக்கிறார். "கைல வாங்குனா செலவாயிடும், நீயே எடுத்துக்கினு போயிடு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கரியால் ஒரு கோடு. அந்த எட்டு மாதமும் காலையில் கேப்பைக் கூழ், ராத்திரியும் அதுவே. நான் ஹாஸ்டலில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். மணியார்டர் வரவில்லை. லீவுக்கு வந்த என்னிடம், "எட்டு முடிஞ்சதும் அவங்களே நிறுத்திட்டாங்க பாத்தியா, எல்லாத்தயும் எழுதி வெச்சிருக்காங்க" என்றாள். சரிதான் என்றேன். சரிதான் என்றே நினைத்தேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று பக்கத்துக்கு ஒரு ஆட்சேப மனு எழுதினேன். எழுதியதை வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிக் கேட்டார்கள். பாதிக்கு மேல் யாருக்கும் புரிந்திருக்காது. "வக்கீலு தோத்தான் போ" என்றார் ஒருவர். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை டுடோரியலுக்கு லீவு சொல்லியனுப்பிவிட்டு அம்மாவைத் திண்டிவனம் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பென்ஷன் பார்க்கிற கிளார்க் காதோரம் நரைத்தவர். அவர் மேஜைக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு. அதில் ஏழெட்டுப் பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. நான் யார், என்ன படித்திருக்கிறேன், விழுப்புரத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்பதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டு மனுவை வைத்தேன்.

அவர் அதைக் கையில் எடுத்து, நடுவிலிருந்து ஒரு வரியை வாய்விட்டே படித்தார்.

"'அடைத்த கடனை மீண்டும் அடை என்பது எந்த ஊர் நீதி?' நல்லாத்தான் எழுதிக்கிற. மீட்டிங்ல பேசுவியா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "ஆதாரம் உங்கள் ஃபைலிலேயே இருக்கும் சார், எடுத்துப் பாருங்கள்" என்றேன், புத்தகத் தமிழில்.

அவர் எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்தார். உள்ளே நூலால் கோத்து எட்டு மணியார்டர் பாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'பெற மறுத்தார்' என்று போஸ்ட்மேனின் கையெழுத்து. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"எண்ணிப் பாருங்க சார். எட்டு. வாங்கினது எட்டு, கழிச்சது எட்டு."

அவர் எண்ணவில்லை.

"கணக்கு வாத்தியார்னு சொன்னியேபா. போன வருசம் ஒனக்கு நான் தெரியாத்தனமா பத்து ரூபா குடுத்துட்டேன். இந்த வருசமும் தெரியாத்தனமா ஒரு பத்து ரூபா நீட்டுறேன். நீ வேணாங்குற. நல்ல புள்ள. போன வருசத்துப் பத்து ரூபா எங்க?"

நான் மறுபடியும் அந்தப் பாரங்களைப் பார்த்தேன்.

"கூலின்னா செஞ்ச வேலைக்கு வர்றது. அத வாங்காம உட்டா கழிக்கலாம். இது அந்தம்மாவுக்கு வர வேண்டிய காசே இல்லியே. வராத காசுல எத்தப் போய்க் கழிக்கிறது?"

இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. இதைவிடக் கடினமான கணக்கைத் தினமும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, போடாதவனை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். மூன்று வருஷமாக அம்மாவின் கணக்கை ஒரு தடவைகூட நான் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா சொன்னதை அப்படியே எடுத்து அதற்கு அலங்காரம் பண்ணி மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். மனு அவர் மேஜையில் விரித்தபடி கிடந்தது. அதை எடுத்து மடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அவர் முழங்கை அதன் மேல் இருந்தது.

அம்மாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. "அப்ப கழியலியா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"கழியலம்மா."

எட்டு மாதமும் அவள் கூழ் குடித்தது அந்த ஒரு வார்த்தையில் போனது.

அவர் கெட்டவரில்லை. ஃபைலைப் புரட்டிக்கொண்டே குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஒரு வழி கீது" என்றார். "புள்ள இருந்தும் பாக்காதவன்னா வேற கணக்கு. மகன் ஆதரவு இல்ல, கூலி வேல செஞ்சித்தான் சாப்புடுதுன்னு நான் எழுதி மேல அனுப்புவேன். இதயும் தள்ளுபடி பண்ணிடுவாங்க, பென்சனும் திரும்ப ஆரம்பிச்சிடும். நெசத்தச் சொல்லு. மாசம் இன்னா குடுக்குற அம்மாவுக்கு?"

நான் ஒன்றும் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அறை வாடகை, மெஸ், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் புத்தகம், தவணையில் வாங்கிய கைக்கடிகாரம். அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். ஊருக்குப் போனால் அம்மா அவித்து வைத்த மல்லாட்டையைத் தோல் உரித்துத் தின்றுவிட்டு, திரும்புகிறபோது பஸ்ஸுக்கு அவளிடமே காசு வாங்கியதும் உண்டு. அவர் கேட்டதற்கு உண்மையான பதில் 'ஒன்றுமில்லை'. அதைச் சொன்னால் போதும். கடன் போகும், பென்ஷன் வரும்.

பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். "மாசம் பொறந்தா கரெக்டா குடுத்துடுவான் சார். பென்சன விட அஞ்சு ரூபா ஜாஸ்தியாவே குடுக்குறான்."

கிளார்க் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "அப்டியாபா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். நான் சொல்வதற்காக அவர் காத்திருந்தார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆமாம் சார்" என்றேன்.

"சரி. அப்ப நான் எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல." பேனாவை மூடினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். நாலு தவணையில் கட்டுவதாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மா கைரேகை வைத்தாள். பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். "கீழ மகன்னு போடு" என்றார். போட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அம்மா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"நாலு பேரு உக்காந்துக்கினு இருந்தாங்க இல்ல."

"நெசத்தச் சொல்லியிருந்தா எல்லாம் தீந்திருக்கும்மா."

"நீ சொல்றதுதான? நீயுந்தான் ஆமான்ன."

குத்திக்காட்டுகிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. டீயில் ஈ விழுந்திருக்கிறதா என்று பார்த்தபடியே சொன்னாள். அப்புறம், "காலைல க்ளாஸ் இருக்குது இல்ல, நீ ஜல்தி கெளம்பு. எனக்கு நம்மூரு பஸ்ஸு வர நேரமாவும்" என்றாள்.

மணி இரண்டரைதான். ஆபீஸ் நடக்கிற தூரத்தில் இருந்தது, ஐந்து மணி வரை திறந்திருக்கும். அம்மாவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போய், ஒரு நிமிஷத்தில், சார், நான் ஒன்றும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த நேரத்துக்கு பெஞ்சில் வேறு ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதையும் நினைத்துப் பார்த்தேன். விழுப்புரம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

நாலு தவணையையும் தவறாமல் கட்டினேன். கட்டிய மாதங்களில் அம்மாவுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. அவள் மறுபடியும் பென்ஷனுக்கு மனுப் போடவில்லை. போடச் சொல்லி நானும் சொல்லவில்லை. போட்டால் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பார்கள்.