ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் பானுமதியின் பியானோ

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பானுமதி என்றால் தெரியாதவர்கள் இல்லை. சூளையிலிருந்து இறங்கும் பியூஸ் கட்டைகளைத் தரம் பார்ப்பது அவள் வேலை. கொஞ்சம் கோணல், ஓரத்தில் சின்ன மூளி, நிறத்தில் லேசான மாற்றம், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. முதலாளியே வந்து கெஞ்சினாலும் கழிவுக் கூடையில் விழுந்தது விழுந்ததுதான்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பியானோ பைத்தியம். பள்ளியில் காலை வழிபாட்டுக்கு ஆர்மோனியம் வாசித்தவள். கல்யாணம், பிள்ளை, வேலை என்று விரல்கள் சும்மா கிடந்தன. மகள் இனியா கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் பழைய கீபோர்டு ஒன்றை வாங்கி, மகளின் லேப்டாப்பில் இணைத்துக்கொண்டாள். அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. இவள் கட்டையை அழுத்தினால் லேப்டாப்புக்குள் இருக்கும் பியானோ பாடும். நிஜப் பியானோவுக்கு எங்கே போவது? கிடைத்தாலும் அவர்கள் வீட்டு வாசலில் நுழையாது.

அவள் கணவர் பழமலைநாதன், ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். ஸ்ரீமுஷ்ணம் அவள் பிறந்த ஊர். யார் யாருடைய பாட்டையோ கேட்டுக்கொண்டே அந்த பஸ்ஸில் தாய்வீட்டுக்குப் போய்வருகிறவளுக்கு, ஒரே ஒரு தடவை தன் மெட்டும் அதில் ஒலிக்க வேண்டும் என்று ஆசை.

மெட்டு தயாரானது. பென் டிரைவில் ஏற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியதும் பஸ்ஸில் பாதிப் பேர் சட்டைப்பையைத் தடவினார்கள். கண்டக்டர் திருமால் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்து, "யாரு போனுங்க அது? எடுத்துப் பேசுங்களேன்" என்றார்.

பழமலைநாதன் சத்தமில்லாமல் வேறு பாட்டுக்கு மாற்றிவிட்டார். பானுமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு திரும்பியதும் கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டாள்: இன்னும் ஒரு தடவை பார்ப்பது, அதிலும் போன் மணி அடித்தால் கீபோர்டு பரணுக்குப் போய்விடும்.

மறுநாளிலிருந்து மெட்டைத் திருத்த உட்கார்ந்தாள். வாசித்த ஒவ்வொரு சுரமும் லேப்டாப் திரையில் ஒரு குட்டிக் கோடாகத் தெரியும். எது பலமாக விழுந்தது, எது தாளத்துக்கு முந்தியது என்று எல்லாம் வெட்டவெளிச்சம். தரம் பார்க்கிற கை சும்மா இருக்குமா? மெலிந்த சுரத்தைத் தூக்கினாள், ஓங்கியதை அமுக்கினாள், முந்தியதையும் பிந்தியதையும் இழுத்து வரிசையில் நிறுத்தினாள். முதல் தடவையும் இதைத்தான் செய்திருந்தாள், இந்தத் தடவை இன்னும் கறாராகச் செய்தாள். போதாக்குறைக்குப் பெரிய மண்டபத்து எதிரொலியையும் சேர்த்தாள். இப்போது கிணற்றுக்குள் போன் அடிப்பதுபோல் இருந்தது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இனியாவுக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா, நீ பியானோ வாசிக்கல. பியூஸ் கட்டை பொறுக்கிட்டு இருக்கற."

திருத்தம் எதுவும் செய்யாத முதல் பதிவை இனியா அழிக்காமல் வைத்திருந்தாள். அதைப் போட்டுக் காட்டினாள். ஒரு சுரம் கொஞ்சியது, அடுத்தது அதட்டியது. சில இடங்களில் விரல் அவசரப்பட்டிருந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் மெட்டு அப்படியே நின்று, பிறகு மெதுவாகத் தொடர்ந்தது. அது ஏன் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாசித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. எத்தனையாவது விசில் என்று யோசித்ததில் கை நின்றுவிட்டது. கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் மைக் எதுவும் இல்லாததால் விசில் பதிவாகவில்லை, அவள் நின்றது மட்டும் பதிவாகிவிட்டது. அந்த இடைவெளியை வெட்டக் கை போனது.

"அத வுட்டுடும்மா" என்றாள் இனியா.

விட்டுவிட்டாள். கூடையில் எதையும் போடாமல் அவள் செய்த முதல் வேலை அதுதான். இடது கையின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தணித்தாள், மேல் சுரங்களில் இருந்த தகரச் சத்தத்தைக் குறைத்தாள், மண்டபத்து எதிரொலியைத் தங்கள் வீட்டுக் கூடத்து அளவுக்குச் சுருக்கினாள். கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே முன் சீட்டு. மெட்டு தொடங்கியது. அவள் கண் ஜனங்களின் சட்டைப்பைகள் மேலேயே இருந்தது. ஒரு கையும் அசையவில்லை. யாரோ ஒரு அம்மாள் அழுத பிள்ளையைத் தட்டிக்கொடுத்தபடி தலையாட்டினாள். திருமால் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து, இதை வாசித்தது யார் என்று டிரைவரைக் கேட்டார்.

"எங்க வூட்டுலதான்" என்றார் பழமலைநாதன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். சிரிப்பை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை.

திருமால் நம்பாமல் பானுமதியைப் பார்த்தார். "நடுவுல ஒரு எடத்துல நின்னு போவுதுங்களே அண்ணி, எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அங்க என்ன நெனச்சு வாசிச்சீங்க?"

பெரிதாக ஏதாவது சொல்லலாமா என்று பானுமதி ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"பருப்பு வெந்துருக்குமான்னு நெனச்சேங்க."